வெள்ளைப் பொடி என்ன சொல்கிறது?

பி.எஸ்சி. வேதியியலில் சேரும் மாணவர்களை உப்புப் பகுப்பாய்வு அவ்வளவாக மிரட்டுவதில்லை. பிளஸ் டூவிலேயே கை பழகிவிடுகிறது. குளோரைடு உப்பைத் தண்ணீரில் கரைத்தால் அயனிகள் தாமாகப் பிரிந்து நிற்கும். சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டால் போதும், வெள்ளை வீழ்படிவு வந்துவிடும். கரிம வேதியியல் லேப்பில் இந்த வேகம் செல்லாது. வாட்ச் கிளாஸில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி வரும். பென்சாயிக் அமிலமும் வெள்ளை, யூரியாவும் வெள்ளை, சின்னமிக் அமிலமும் வெள்ளை, குளுக்கோசும் வெள்ளை. இது எது என்று கண்டுபிடித்து எழுத வேண்டும்.

அந்த ஒரு கேள்விக்கு மாணவர் எப்படி விடை தேடுகிறார் என்பதில்தான் இந்தப் பாடத்தின் மதிப்பு முழுவதும் இருக்கிறது. நம் கல்லூரிகள் பலவற்றில் அந்தத் தேடல் மட்டும் நடப்பதில்லை என்பதே இந்தக் கட்டுரையின் ஆதங்கம்.

முதலில், அந்தத் தேடல் எத்தனை அருமையானது என்று பார்ப்போம். சோடியம் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய்க்குள் கிடக்கும் சோடியத்தை இடுக்கியால் எடுத்து, ஃபில்டர் பேப்பரில் ஒற்றி, பட்டாணியைவிடச் சிறிய துண்டாகக் கத்தியால் நறுக்க வேண்டும். வெட்டிய முகம் பளிச்சென்று மின்னும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கும். அதை இக்னிஷன் ட்யூபில் போட்டுச் சுடரில் காட்டினால் உருகி, பளபளக்கும் உருண்டையாகத் திரளும். அதன்மேல் அந்த வெள்ளைப் பொடியில் கொஞ்சம். ட்யூபின் அடி செக்கச் செவேலென்று ஆனதும், பீங்கான் கிண்ணத்தில் உள்ள வாலை வடிநீரில் சட்டென்று இறக்கிவிட வேண்டும். ட்யூப் படாரென்று உடையும். வினைபுரியாத சோடியம் மிச்சமிருந்தால் தீப்பொறி பறக்கும். கிண்ணத்தைக் கம்பி வலையால் மூடச் சொல்வதும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளச் சொல்வதும் அதற்காகத்தான்.

உடைந்த கண்ணாடியோடு சேர்த்துக் கொதிக்கவைத்து வடிகட்டினால் வரும் நீர் நிறமற்றிருக்க வேண்டும். பழுப்பாக வந்தால் சூடு போதவில்லை என்று பொருள், மறுபடி செய்ய வேண்டியதுதான். நிறமற்ற நீரில் ஃபெரஸ் சல்ஃபேட் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் நீர்த்த கந்தக அமிலம் விடுகிறோம். பொடியில் நைட்ரஜன் இருந்தால் கண்ணெதிரே ஆழ்ந்த நீலம் எழும். அது ஓவியர்கள் தீட்டிய அதே பிரஷ்யன் நீலம். கார்பனோடு இறுகப் பிணைந்திருந்த நைட்ரஜனை, சோடியம் சயனைடாக மாற்றிப் பேச வைத்தது அந்தச் சின்னஞ்சிறு உலோகத் துண்டு. இந்தச் சோதனைக்கு 1843-ல் வழிகாட்டிய ழான் லூயி லாசைன், பாரிஸை அடுத்த அல்ஃபோர் கால்நடை மருத்துவப் பள்ளியில் வேதியியல் கற்பித்தவர்.

உருகுநிலை பார்ப்பதும் இதற்குக் குறைந்ததல்ல. ஒரு முனை மூடிய கேபில்லரி ட்யூபில் பொடியைத் தட்டித் தட்டி இறக்கி, வெப்பமானியோடு சேர்த்துக் கட்டி, லிக்விட் பாரஃபினில் மெல்லச் சூடேற்றுகிறோம். தூய பொருள் ஓரிரு டிகிரிக்குள் உருகி முடிந்துவிடும், அழுக்கு கலந்தது இழுத்துக்கொண்டே போகும். யூரியாவும் சின்னமிக் அமிலமும் ஏறக்குறைய ஒரே 133 டிகிரியில் உருகுபவை. வெப்பமானியை மட்டும் நம்பினால் இரண்டும் ஒன்றென்றே தோன்றும். இரண்டையும் சரிபாதி கலந்து உருக்கினாலோ 100 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். இரண்டும் வெவ்வேறு பொருள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பல லட்சம் ரூபாய் கருவி எதுவுமில்லாமல் இந்த உண்மையை ஒரு மாணவி தன் கையால் நிறுவிவிட முடியும். ஆனாலும் கலப்பு உருகுநிலையை ஒருமுறைகூடச் செய்து பார்க்காமல் பட்டம் வாங்குபவர்கள் நம்மிடையே ஏராளம்.

தேர்வில் நடப்பதைப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும். வரக்கூடியவை ரெக்கார்டு நோட்டில் ஏற்கெனவே உள்ள பத்துப் பன்னிரண்டு பொருள்கள். பாதாம் எசன்ஸ் வாசனை அடித்தால் பென்சால்டிஹைடு, கார்பாலிக் சோப்பு வாசனை என்றால் பீனால். பெயர் தெரிந்துவிட்டால் 'சோதனை, கண்டது, அறிவது' என்ற மூன்று கட்டங்களையும் பின்னாலிருந்து நிரப்பிவிடலாம். வெங்கடேஸ்வரன், வீராசாமி, குழந்தைவேலு எழுதிய செய்முறை நூல் தமிழ்நாட்டு மாணவர்களைப் பல தலைமுறைகளாகக் கைபிடித்து நடத்தி வந்திருக்கிறது. அதில் உள்ள அட்டவணை செய்து பார்ப்பதற்கானது. அதைப் பார்த்து எழுதிவிட்டு, நீலம் வராத கரைசலுக்கு 'நீல நிறம்' என்று குறிக்கும் மாணவரைக் குறை சொல்லி என்ன பயன்? பெயர் சரியாக இருந்தால்தான் மதிப்பெண் என்று விதித்தது நாம்தானே.

எதிர்பாராததைக் கண்டால் நின்று பார்க்கும் பழக்கம் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்கு வில்லியம் பெர்கின் இருக்கிறார். ஜெர்மனியின் கீசன் நகரில் லீபிக் நடத்திய ஆய்வகம்தான் மாணவர்களைக் கூட்டமாக நிறுத்திக் கைவேலையாக வேதியியல் சொல்லிக்கொடுப்பதற்கு முன்மாதிரி. லீபிக்கின் மாணவர் ஹாஃப்மன் லண்டனில் பாடம் நடத்தினார், அவரிடம் படித்த பையன் பெர்கின். 1856 ஈஸ்டர் விடுமுறையில், 18 வயதில், வீட்டிலேயே குயினைன் செய்யப் பார்த்தார். கிடைத்தது கறுப்புச் சக்கை. அதைக் கொட்டிவிடாமல் ஆல்கஹாலில் கரைத்துப் பார்த்தபோது ஊதா நிறம் இறங்கியது. செயற்கைச் சாயத் தொழில் அங்கே பிறந்தது. நம் ப்ராக்டிகல் தேர்வில் அவர் உட்கார்ந்திருந்தால், குயினைன் வரவில்லை என்று சுழித்து விட்டிருப்போம்.

தயாரிப்புச் சோதனைகளிலும் இதே கதைதான். ஆஸ்பிரினை எடுத்துக்கொள்வோம். 2 கிராம் சாலிசிலிக் அமிலத்தை அசிட்டிக் அன்ஹைட்ரைடுடன் சேர்த்தால், ஒரு துளிகூட வீணாகாவிட்டாலும் 2.6 கிராமுக்கு மேல் ஆஸ்பிரின் வர வழியில்லை. யாராவது 3 கிராம் என்று எழுதினால், அவர் எடை போட்டது ஈர ஆஸ்பிரின். ஒன்றரை கிராம் வந்தவர் ஃபெரிக் குளோரைடு ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, ஊதா நிறம் வருவதால் சாலிசிலிக் அமிலம் இன்னும் மிச்சமிருக்கிறது என்று எழுதினால், என்னைக் கேட்டால் முழு மதிப்பெண் அவருக்கே போக வேண்டும்.

மறுபடிகமாக்கலை அவசரப்படாமல் சொல்லித்தர வேண்டும். பென்சாயிக் அமிலம் அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் 3.4 கிராம் அளவே கரையும், கொதிநீரிலோ 50 கிராமுக்கு மேல் கரையும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் சுத்தம் செய்கிறோம். கொதிநீரைக் கரையும் அளவுக்கு மட்டும் ஊற்றி, சூடாகவே வடிகட்டி, மேசைமீது அசைக்காமல் ஆறவிட்டால் பளபளக்கும் படிகங்கள் நிதானமாக வளரும். மணி அடிக்கப் போகிறது என்று உடனே ஐஸில் வைத்தால் அழுக்கையும் உள்ளே வைத்துக்கொண்டு பொடியாக இறங்கிவிடும். மூன்று மணி நேர லேப்பில் இரண்டு சோதனைகளைத் திணிக்கும் கால அட்டவணை, இந்தப் பாடத்தைக் கற்கவே விடாது.

பாதுகாப்பு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கண்ணாடி அணியாமல் சோடியத்தைத் தொடவிடக் கூடாது. வெள்ளி ஆடி காட்டும் டாலன்ஸ் கரைசலை அன்றன்றைக்குத் தயாரித்து அன்றே அழித்துவிட வேண்டும், வைத்திருந்தால் வெடிக்கக்கூடிய வெள்ளிச் சேர்மம் உருவாகும். புற்றுநோய் தரும் என்று உறுதியான பென்சீனுக்கு முதல் ஆண்டு மாணவர் லேப்பில் இடமே இருக்கக் கூடாது.

புதிதாகச் சேர்க்க வேண்டியவையும் தொலைவில் இல்லை. மஞ்சள் தூளை ஆல்கஹாலில் ஊறவைத்து, அந்தச் சாற்றை மெல்லிய சிலிகா தகட்டில் பொட்டு வைத்துக் கரைப்பானை ஏறவிட்டால் குர்குமினும் அதன் உறவினர் இருவரும் தனித்தனி மஞ்சள் புள்ளிகளாகப் பிரிந்து நிற்பார்கள். 1900-ல் குளித்தலையில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த டி.ஆர். சேஷாத்ரி தாவர நிறமிகளை ஆராய்ந்தே பெயர் பெற்றவர், 1960-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெலோ ஆனவர். அவர் பிறந்த மண்ணில் மஞ்சளும் கீரையும் செம்பருத்தியும் லேப் மேசைக்கு வராமல் இருப்பது ஏன்?

பாடத்திட்டக் குழுவில் இருக்கும் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்வில் தரும் பொருளை ரெக்கார்டில் இல்லாத ஒன்றாகக் கொடுங்கள், உருகுநிலை அட்டவணையையும் உடன் கொடுங்கள். பெயருக்குரிய மதிப்பெண்ணைக் குறைத்து, கண்டதை அப்போதே பேனாவால் எழுதிய பக்கத்துக்குப் பாதி மதிப்பெண்ணை ஒதுக்குங்கள். இதற்குப் புதிய கட்டடமோ கருவியோ தேவையில்லை, அடுத்த பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.