தோற்றது சிகிச்சை, மனிதர் அல்ல

சிகரெட்டையோ பீடியையோ நிறுத்தியவருக்கு முதல் நாளிலேயே எரிச்சல் தொடங்கிவிடுகிறது. தூக்கம் கெடுகிறது, பசி கூடுகிறது, செய்யும் வேலையில் மனம் நிற்பதில்லை. இரண்டு, மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும் இந்த அவதி பெரும்பாலும் நான்கு வாரங்களுக்குள் தணியும். அதற்குள் மறுபடி பற்றவைப்பவரை, ‘மனசு வெச்சா முடியாதா?’ என்று வீட்டார் கடிந்துகொள்கிறார்கள். நியாயமில்லாத கேள்வி. எந்த உதவியுமின்றி விட முயல்வோரில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேரே ஆறு மாதம் தாண்டியும் புகைக்காமல் இருக்கிறார்கள். மற்றவர்கள் கோழைகள் அல்லர். அவர்கள் மூளை நிக்கோடினுக்குப் பழகிப்போயிருக்கிறது.

நிக்கோடினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியின் வேகமும் ஆளுக்கு ஆள் மாறும். சராசரியாகப் பெண்களுக்கு வேகம் கூடுதல், கர்ப்பக் காலத்தில் இன்னும் கூடுதல். கிழக்காசியர்களில் மெதுவானவர்கள் அதிகம். 2015இல் வெளியான ஓர் ஆய்வில், இயல்பான வேகமுள்ளவர்களுக்குப் புகையை நிறுத்த நிக்கோடின் பேட்சைவிட வாரெனிக்ளின் மாத்திரை நன்றாகக் கைகொடுத்தது. மெதுவானவர்களுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே பலன். மாத்திரையில் பக்கவிளைவுதான் அதிகம். ஆகவே ஒரு வழி பலிக்காதபோது மாற்ற வேண்டியது வழியைத்தான்.

மாத்திரை மனநலத்தைக் கெடுக்கும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. 16 நாடுகளில் 8,144 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில் பாதிப் பேர் மனநோய் உள்ளவர்கள். வாரெனிக்ளினால் அந்த ஆபத்து குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. ஆனால் மனநோய்க்கான குளோசபின் மருந்தைச் சாப்பிடுபவர் புகையை நிறுத்தினால் ரத்தத்தில் அம்மருந்தின் அளவு ஏறும் என்பதால், முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். ‘பணக்கார நாட்டு ஆய்வு நமக்குப் பொருந்துமா?’ என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. வங்கதேசத்திலும் பாகிஸ்தானிலும் புகைக்கும் காசநோயாளிகள் 2,472 பேருக்கு ஆலோசனையோடு, புகையை நிறுத்த உதவும் சைட்டிசின் மாத்திரையோ வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் விட்டிருந்தவர்கள் முறையே 32, 30 சதவீதம். மருந்து பெரிதாக எதையும் கூட்டவில்லை. நோயின் அதிர்ச்சிக்கும் இதில் பங்கிருக்கலாம். ஆனாலும் ஆலோசனை கிடைத்த ஏழை நோயாளிகளில் இத்தனை பேர் விட்டிருக்கிறார்கள் என்பதை ஒதுக்கிவிட முடியாது. நம் மக்களிடமே இத்தகைய ஆய்வுகள் நிறைய நடக்க வேண்டும்.

புகையிலையை விட உதவுவது அரசின் கடமை என்கிறது இந்தியா 2004இல் ஏற்ற உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு. எனவே மருத்துவரிடம் இந்த உதவியைக் கூசாமல் கேளுங்கள். நிக்கோடின் சூயிங்கம் வாங்கினால் விடாமல் மெல்லக் கூடாது: காரம் தெரிந்ததும் கன்னத்தோரம் ஒதுக்குங்கள், காரம் அடங்கியதும் மீண்டும் மெல்லுங்கள். தேசிய இலவச ஆலோசனை எண் 1800-11-2356. முன்பு முயன்று முடியாமல் போனவர்களும் அழையுங்கள்.