குளிர்ந்தால்தான் சூரியன் பிறக்கும்

மார்கழி இரவில் கிழக்கே எழும் ஓரியன் கூட்டத்தில், திருவாதிரை செந்நிறமாக ஒளிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே கூட்டத்தில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்கு அருகே மங்கலான ஒரு புகைத்திட்டு தெரியும். அதுதான் சுமார் 1,350 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஓரியன் நெபுலா. அதன் பின்னால் இருண்ட வாயு மேகம் ஒன்று பரந்து கிடக்கிறது. அதற்குள் நட்சத்திரங்கள் பிறக்கின்றன. மேகத்தின் தூசு ஒளியை மறைத்துவிடும்; ஆனால் ரேடியோ அலைகள் அதை ஊடுருவி வந்துவிடும்.

அந்த அலைகளை அனுப்புபவை மூலக்கூறுகள். எடுத்துக்காட்டாக, அம்மோனியா மூலக்கூறில் மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் ஒரு தளத்தில் இருக்க, நைட்ரஜன் அதற்கு மேலே அமர்ந்திருக்கும். பெருங்காற்றில் குடை எதிர்ப்பக்கமாக மடங்குவதுபோல நைட்ரஜன் தளத்தின் இருபுறமும் மாறி மாறிப் போய்வரும், நொடிக்குச் சுமார் 2,400 கோடி முறை! அதே அதிர்வெண்ணில்தான் அம்மோனியா ரேடியோ அலையை வெளியிடும். 1954இல் இயற்பியலாளர் சார்லஸ் டவுன்ஸ் இந்த அம்மோனியாவைக் கொண்டே ஆய்வுக்கூடத்தில், நுண்ணலைகளைப் பெருக்கும் மேசர் கருவியை இயக்கிக் காட்டினார். 1968இல் கலிபோர்னியாவின் ஹாட் கிரீக் வானாய்வகத்தில், நம் பால்வீதியின் மையத் திசையிலிருந்து அதே அம்மோனியாவின் அலையை அவருடைய குழு பிடித்தது. 1970இல் வில்சன், ஜெஃபர்ட்ஸ், பென்சியாஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஓரியனில் கார்பன் மோனாக்சைடைக் கண்டறிந்தார்கள்.

ஒவ்வொரு மூலக்கூறுக்கும் அதற்கே உரிய அலைநீளங்கள் உண்டு. கைரேகைபோல அவை ஆளைக் காட்டிக்கொடுக்கும். அந்த அலைநீளம் சற்றே கூடினால் வாயு நம்மைவிட்டு விலகுகிறது, குறைந்தால் நெருங்குகிறது. அம்மோனியாவின் வெவ்வேறு அலைகளின் வலிமையை ஒப்பிட்டால் வெப்பநிலையும் கிடைத்துவிடும். இருண்ட மேகங்களின் உட்பகுதியில் அது மைனஸ் 263 டிகிரி செல்சியஸ் அளவுக்குத் தாழ்ந்திருக்கிறது.

தகிக்கும் நட்சத்திரம் இத்தனை குளிரிலா பிறக்க வேண்டும்? ஆம். சூடான வாயு விரியப் பார்க்கும். ஈர்ப்புவிசையால் அதை அமுக்க முடியாது. எனவே மேகம் முதலில் குளிர வேண்டும். மேகத்தில் மிகுதியாக இருப்பது ஹைட்ரஜன்தான். ஆனால் அந்தக் குளிரில் ஹைட்ரஜன் மூலக்கூறு அலை எதையும் வெளியிடுவதில்லை. சிறு அளவே இருக்கும் கார்பன் மோனாக்சைடு, மோதல்களில் பெற்ற ஆற்றலை ரேடியோ அலையாக வெளியே அனுப்பி மேகத்தைக் குளிர்விக்கிறது. ஆக, நம் தொலைநோக்கியை எட்டுவது மேகத்தைப் பற்றிய செய்தி மட்டுமன்று. நட்சத்திரம் உருவாவதற்காக மேகம் கைவிட்ட வெப்பமே அது.

நம் சூரியனும் அப்படி வெப்பத்தை இழந்த ஒரு மேகத்தில்தான் பிறந்தது. அன்று புறப்பட்ட அலைகள் 460 கோடி ஆண்டுகளாக விண்வெளியில் போய்க்கொண்டே இருக்கின்றன.