பறவைக்கு வளைகாப்பு!
எலும்பு விழுங்கும் நாரையைக் காப்பாற்றிய கிராமத்துப் பெண்கள்

வளைகாப்பு, சீமந்தம் எல்லாம் பெண்களுக்குத்தானே நடக்கும்? ஒரு பறவைக்கும் நடக்கிறது!

எங்கே தெரியுமா? அசாம் மாநிலத்தில்!

பிரம்மபுத்திரா ஆற்றின் வடகரையில், கவுகாத்தி நகருக்குப் பக்கத்தில், தாதரா, பசரியா, சிங்கிமாரி என்ற கிராமங்கள் இருக்கின்றன. கூடு கட்டும் காலம் வந்துவிட்டால் அங்குள்ள பெண்கள் ஒன்று கூடுகிறார்கள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்குச் செய்வது போலவே சடங்கு செய்கிறார்கள். பாட்டுப் பாடுகிறார்கள். தாயாகப் போகிறவள் மரத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் ஒரு நாரை!

அழகில்லாத பறவை

மயில் போலவோ, கிளி போலவோ அழகான பறவை அல்ல அது. உயரம் 5 அடி. சிறகை விரித்தால் 8 அடி. தலை வழுக்கை. கழுத்தில் ஒரு பை தொங்கும். அலகை அலகோடு தட்டி "டக டக" என்று ஓசை எழுப்பும்.

செத்த மாடு, மீன், எலி, பாம்பு எல்லாம் அதற்கு உணவு. எலும்பைக்கூட விழுங்கிவிடும். அதனால் அசாம் மக்கள் அதை "ஹர்கிலா" என்கிறார்கள். "எலும்பு விழுங்கி" என்று பொருள். பட்டாளத்து அதிகாரி போல விறைப்பாக நடப்பதால் வெள்ளைக்காரர்கள் "அட்ஜுடண்ட்" என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு காலத்தில் கல்கத்தா நகரில் இந்த நாரைகள் கூட்டம் கூட்டமாகத் திரிந்தன. நகரத்துக் கழிவைத் தின்று துப்புரவு வேலை செய்தன. கல்கத்தா நகராட்சியின் பழைய சின்னத்திலேயே இந்தப் பறவைக்கு இடம் கிடைத்தது. பிறகு சதுப்பு நிலங்கள் சுருங்கின. பெரிய மரங்கள் விழுந்தன. நாரைகளும் மறைந்தன. இன்று அசாம், பீகார், கம்போடியா ஆகிய மூன்று இடங்களில்தான் அவை முக்கியமாகக் கூடு கட்டி வாழ்கின்றன.

கொல்லையில் குடியிருப்பு

அசாமில் இந்த நாரை காட்டைத் தேடிப் போவதில்லை. ஊருக்குள்ளேயே, வீட்டுக் கொல்லையில் நிற்கும் கடம்பு, இலவு போன்ற உயர்ந்த மரங்களில்தான் கூடு கட்டுகிறது.

அங்கேதான் சிக்கல்!

கூட்டிலிருந்து எச்சம் விழும். குஞ்சுகளுக்குக் கொண்டு வந்த அழுகிய இறைச்சித் துண்டும் எலும்பும் முற்றத்தில் விழும். நாற்றம் தாங்காது. போதாக்குறைக்கு, இது அபசகுனப் பறவை என்ற எண்ணம் வேறு. மரத்துக்குச் சொந்தக்காரர் என்ன செய்வார்? கோடரியைத் தூக்குவார்.

புலிக்கும் யானைக்கும் சரணாலயம் அமைக்கலாம். காவலர்களை நிறுத்தலாம். ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் காவலர் நிற்க முடியுமா? மரம் அவருடையது. மனம் மாற வேண்டியவரும் அவர்தான்.

வெட்டி வீழ்த்திய மரம்

2007-ம் ஆண்டு. பூர்ணிமா தேவி பர்மன் என்ற பெண்மணி, டாக்டர் பட்டத்துக்காக இந்த நாரைகளை ஆராய்ந்து கொண்டிருந்தார். ஒரு நாள் தாதரா கிராமத்தில் கூடுகள் இருந்த மரத்தை ஒருவர் வெட்டிக் கொண்டிருந்தார். குஞ்சுகள் தரையில் விழுந்தன.

"ஏன் வெட்டினீர்கள்?" என்று பூர்ணிமா கேட்டார். ஊர் கூடிவிட்டது. எல்லோரும் அவரையே கேலி செய்தார்கள்.

அவருக்கு அப்போது சிறு வயதில் இரட்டைப் பெண் குழந்தைகள். விழுந்து கிடந்த குஞ்சுகளைப் பார்த்தபோது, தம் குழந்தைகளின் நினைவு வந்தது. பட்டம் பிறகு வரட்டும், பறவை முதலில் பிழைக்கட்டும் என்று முடிவு செய்தார். அந்த டாக்டர் பட்டம் அவருக்குக் கிடைத்தது 2019-ல்தான்!

கவுகாத்தியில் 1989-ல் தொடங்கிய "ஆரண்யக்" என்ற தொண்டு நிறுவனம் அவருக்குப் பக்கபலமாக நின்றது.

கோபம் இல்லை, மரியாதை!

திட்டினால் யாரும் திருந்த மாட்டார்கள் என்பது பூர்ணிமாவுக்குப் புரிந்துவிட்டது. முதலில் கிராமத்துப் பெண்களிடம் போனார். சமையல் போட்டி வைத்தார். பெண்கள் வந்தார்கள். பலகாரத்தோடு பறவையின் கதையையும் சொன்னார்.

மரத்தின் சொந்தக்காரர்களையும் விட்டுவிடவில்லை. அவர்களை ஊர் அறிய மேடையில் ஏற்றிப் பாராட்டினார். நம் ஊரில் பொன்னாடை போர்த்துவது போல, அசாமில் "கமோசா" என்ற துண்டு அணிவிப்பார்கள். அந்த மரியாதை அவர்களுக்குக் கிடைத்தது. "என் மரத்தில் இத்தனை கூடு" என்று சொல்வதே பெருமையாகிவிட்டது.

பெண்கள் சேர்ந்து அமைத்த கூட்டத்துக்கு "ஹர்கிலா சேனை" என்று பெயர். இந்தச் சேனைக்குத் துப்பாக்கி கிடையாது. தறி உண்டு! கமோசாவிலும், "மேகலா சாதர்" என்ற தங்கள் உடையிலும் நாரை உருவத்தை நெய்கிறார்கள். விற்ற பணம் குடும்பத்துக்கு உதவுகிறது. அருவருத்து விரட்டிய பறவை அடுப்பு எரியவும் துணை செய்கிறது!

காற்றில் தவறி விழும் குஞ்சுகளைத் தாங்க மரத்தடியில் வலை கட்டுகிறார்கள். அடிபட்ட குஞ்சுக்கு வைத்தியம் நடக்கிறது. 2017-ல் மூங்கிலால் உயரமான மேடைகளும் கட்டத் தொடங்கினார்கள். 2 ஆண்டுகளில் அவற்றிலும் குஞ்சு பொரித்தது.

28 கூடு, 250 ஆனது

தொடக்கத்தில் அந்த மூன்று கிராமங்களிலும் இருந்தவை 28 கூடுகளே. 2022-க்குள் 250-ஐத் தாண்டிவிட்டன. சேனையில் 10 ஆயிரத்துக்கும் அதிகமான பெண்கள் சேர்ந்தார்கள். நட்ட மரக்கன்றுகள் 45 ஆயிரம். அந்த ஆண்டே ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் விருது பூர்ணிமாவுக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு, அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் இந்த நாரையின் நிலை முன்னைவிட மேம்பட்டதாகக் குறிக்கப்பட்டது.

ஆனாலும் கவலை தீரவில்லை. கூட்டுக்கு மரம் கிடைத்தது; வயிற்றுக்கு இரை வேண்டாமா? மீன் கிடைக்கும் நீர்நிலைகள் சுருங்கி வருகின்றன. கவுகாத்தியின் குப்பை மேட்டிலும் இந்த நாரைகள் இரை தேடுகின்றன. அங்கே பிளாஸ்டிக்கும் உண்டு, நஞ்சும் உண்டு. இன்று நட்ட கன்று, கூடு தாங்கும் மரமாக வளரவும் பல ஆண்டுகள் ஆகும்.

அதுவரை பழைய மரங்கள் நிற்க வேண்டும். முற்றத்தில் விழும் எலும்பைக் கூட்டித் தள்ளிவிட்டு, "குஞ்சு பறக்கட்டும்" என்று காத்திருக்கும் அந்தக் குடும்பத் தலைவிகள் இருக்கும் வரை, அவை நிற்கும்!