தண்ணீர் தூக்கிய சம்மட்டி

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஸ்டிக்கிள்பாத் என்றொரு சிற்றூர். பழைய ஆலைகள் இருந்த இடத்தில், வில்லியம் ஃபின்ச் 1814-இல் அங்கே விவசாயக் கருவிப் பட்டறை தொடங்கினார். டா ஆற்றுத் தண்ணீர் கால்வாய் வழியே வந்து மூன்று சக்கரங்களைச் சுற்றியது. ஒன்று உலைக்குக் காற்று ஊத, இன்னொன்று பழுக்கக் காய்ந்த இரும்பின் மேல் சம்மட்டியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மூன்றாவது சாணைக்கல்லுக்கு. சாணை பிடிப்பவர் கல்லுக்கு மேலே பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டுதான் அரிவாளைத் தீட்டுவாராம். முதுகு என்ன பாடுபட்டிருக்கும்! அரிவாள், மண்வாரி என்று ஒன்றரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக வேலை ஓடியது. 1960-இல் சுவர் ஒன்று இடிந்து விழ, பட்டறை மூடப்பட்டது. இப்போது அதைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட், பார்க்க வருபவர்களுக்குச் சக்கரத்தை ஓட்டிக் காட்டுகிறது.