குடல் பாக்டீரியா: விழுக்காடு வேறு, எண்ணிக்கை வேறு

"உங்கள் குடலில் நல்ல பாக்டீரியா 10 விழுக்காடுதான்" என்று பரிசோதனை அறிக்கை வந்தால் பயப்பட வேண்டுமா?

மல மாதிரியிலுள்ள பாக்டீரியாக்களின் 16எஸ் மரபணுவைப் படித்து, எந்த வகை எவ்வளவு பங்கு என்று கணக்கிடுகிறார்கள். ஜொகூர், சிகாமட்டில் 49 இந்தியர் உட்பட 214 பேரிடம் இப்படித்தான் ஆய்வு நடந்தது. ஒரே வட்டாரத்தில் வாழ்ந்தாலும் குடல் பாக்டீரியா இனத்துக்கு இனம் மாறுபடுகிறது. உணவுப் பழக்கத்தைக் கழித்துப் பார்த்தாலும் அந்த வேறுபாடு நீடிக்கிறது என 2021-இல் தெரிய வந்தது.

ஆனால், இந்த முறை பங்கை மட்டுமே சொல்லும். ஜெலாப்பாங் சாலையில் பாதி வாகனங்கள் மோட்டார் சைக்கிள் என்றால், மொத்தம் நூறா, ஆயிரமா என்று தெரியாதல்லவா? ஒரு வகை பெருகினாலே மற்றவற்றின் விழுக்காடு இறங்கிவிடும். அவை உண்மையில் குறைந்திருக்காது.

அதனால் பெல்ஜியத்தின் லூவன் ஆய்வாளர்கள் பாக்டீரியா செல்களைக் கருவியால் தனியே எண்ணினர். குரோன்ஸ் எனும் குடல் அழற்சி நோயாளிகள் பலரிடம் மொத்த எண்ணிக்கையே குறைந்திருப்பதை 2017-இல் கண்டனர். அளவு தெரிந்த வேற்று பாக்டீரியாவை மாதிரியில் கலந்து, அதை அளவுகோலாக வைத்தும் கணக்கிடலாம்.

ஆகவே, விழுக்காட்டை மட்டும் பார்த்து விலையுயர்ந்த மாத்திரைகளை வாங்காதீர்கள். மொத்தம் எவ்வளவு என்று அறிக்கையில் இருக்கிறதா எனக் கேளுங்கள். வயிற்றில் தொல்லை இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.