பயிர் ரகங்களும் சூழ்நிலையும்: சராசரி விளைச்சல் மறைப்பது என்ன?

புதிய ரகம் ஒன்று வெளியிடப்படும்போது அதனுடன் ஓர் எண்ணும் வருகிறது. பல நிலையங்களில் பயிரிட்டுப் பார்த்ததில் ஹெக்டேருக்குச் சராசரியாக இத்தனை குவிண்டால் என்பதே அந்த எண். வயல் ஊழியர் அதனைக் குறித்துக்கொண்டு கிராமத்திற்குச் செல்கிறார். ஆனால் அந்தச் சராசரி எந்த ஒரு வயலிலும் விளைந்ததன்று. நீரும் உரமும் குறைவின்றிப் பெற்ற பண்ணையின் விளைச்சலையும், மழையை மட்டுமே நம்பிய மேட்டு நிலத்தின் விளைச்சலையும் ஒன்றாகக் கூட்டி வகுத்தமையால் கிடைத்தது அது. விவசாயியோ தம்மிடமுள்ள ஒரு நிலத்தில்தான் விதைக்கிறார்.

ஒரு சிறு கணக்கால் இதனை விளக்கலாம். எண்கள் விளக்கத்திற்காக நாமே வைத்துக்கொண்டவை. வறண்ட இடம், நடுத்தரமான இடம், வளமான இடம் என மூன்று இடங்களில் பல ரகங்கள் பயிரிடப்படுகின்றன. எல்லா ரகங்களையும் சேர்த்துப் பார்த்தால் அவ்விடங்களின் சராசரி முறையே 10, 20, 30 குவிண்டால். அவற்றுள் முதல் ரகம் 5, 20, 38 குவிண்டால் தருகிறது. இரண்டாவது ரகம் 14, 20, 26 குவிண்டால் தருகிறது. முதல் ரகத்தின் சராசரி 21. இரண்டாவதன் சராசரி 20. அறிக்கையில் முதல் ரகமே வெற்றி பெறும். எனினும் வறண்ட நிலத்தார் அதனை விதைத்தால் 14 குவிண்டாலுக்குப் பதிலாக 5 குவிண்டாலே வீட்டிற்கு வரும். கடன் வாங்கி விதைத்தவருக்கு இந்த வேறுபாடு எத்தகையது என்பதை ஊழியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இடத்திற்கு இடம் ரகங்களின் வரிசை இவ்வாறு மாறுவதை அளப்பது எப்படி? மழை, மண், வெப்பம் ஆகிய எல்லாவற்றையும் அளந்து ஒரே எண்ணாக்குவது கடினம். தென் ஆஸ்திரேலியாவில் பின்லே, வில்கின்ஸன் என்னும் இரு விஞ்ஞானிகள் 277 பார்லி ரகங்களைப் பல இடங்களிலும் பருவங்களிலும் பயிரிட்டு ஆராய்ந்து, 1963-இல் எளிய வழியொன்றை வெளியிட்டனர். (இதே கருத்தை யேட்ஸ், காக்ரன் என்போர் 1938-இலேயே கூறியிருந்தனர், அப்போது அதனைக் கவனித்தவர் சிலரே.) ஓரிடத்தில் எல்லா ரகங்களும் தந்த சராசரி விளைச்சலையே அவ்விடத்தின் நன்மை தீமைக்கு அளவுகோலாகக் கொள்ளலாம் என்பது அவ்வழி. அதாவது, பயிரே சூழ்நிலையை அளந்து சொல்லுகிறது.

இடத்தின் சராசரியைக் கிடைக்கோட்டிலும், ஒரு ரகத்தின் விளைச்சலைச் செங்குத்துக் கோட்டிலும் குறித்து, புள்ளிகளினூடே ஒரு நேர்கோடு வரைய வேண்டும். கட்டமிட்ட தாளில் மாணவர்களே இதனைச் செய்யலாம். கோட்டின் சரிவு 1 எனில் அந்த ரகம் மற்றவற்றோடு ஒத்து உயர்ந்து தாழ்கிறது என்பது பொருள். நம் கணக்கில் முதல் ரகத்தின் சரிவு 1.65. வளம் கிடைத்தால் அது வெகுவாகப் பயன்படுத்திக்கொள்ளும். வறட்சியில் வெகுவாக இழக்கும். இரண்டாவதன் சரிவு 0.6. ஆனால் சரிவு குறைந்ததெல்லாம் நல்ல ரகம் என்று கொள்ளலாகாது. எங்கும் குறைவாகவே விளையும் ரகத்திற்கும் சரிவு குறைவாகத்தான் இருக்கும். சரிவையும் சராசரியையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றியும் கூற வேண்டியுள்ளது. 'நிலைத்தன்மை' என்ற சொல்லை ஆராய்ச்சியாளர் இரு பொருளில் ஆளுகின்றனர். சூழ்நிலை எதுவாயினும் மாறாத விளைச்சல் என்பது ஒன்று. சூழ்நிலைக்கேற்ப, எதிர்பார்த்தவாறே மாறும் விளைச்சல் என்பது மற்றொன்று. 1966-இல் எபர்ஹார்ட், ரஸ்ஸல் இருவரும் இரண்டாம் பொருளையே கொண்டு, புள்ளிகள் கோட்டைவிட்டு எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதையும் கணக்கிடச் செய்தனர். அறிக்கையைப் படிப்போர் எந்தப் பொருள் என்று முதலில் தெளிந்துகொள்ளாவிடில் குழப்பமே மிஞ்சும்.

இக்கணக்குகள் அனைத்திற்கும் ஒரு வரம்பு உண்டு. பரிசோதனையில் இடம்பெறாத கேட்டினை அவை காட்டமாட்டா. நம் நாட்டு நெல்லிலிருந்தே இதற்குச் சான்று கிடைக்கிறது. ஆந்திரத்தின் மார்ட்டேறு நிலையத்தில் உருவான ஸ்வர்ணா ரகம், நல்ல விளைச்சலின் காரணமாகக் கிழக்கு மாநிலங்களில் பெரும் பரப்பில் பரவியது. ஆனால் வெள்ளத்தில் ஒரு வாரத்திற்கு மேல் மூழ்கிக் கிடந்தால் அது பெரும்பாலும் அழுகிவிடும். ஒடிசாவின் பழைய நெல்லிலிருந்து தெரிந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ என்னும் ரகமோ நீருள் மூழ்கியும் பிழைக்கும். சாதாரண நெல் நீருக்கு மேலே வர முயன்று நெடுநெடுவென வளர்ந்து, சேமித்த மாவுச்சத்தை இழந்து மடிகிறது. எஃப்.ஆர். 13ஏ வளர்ச்சியை அடக்கி, சத்தைக் காத்து, நீர் வடிந்தபின் மீண்டும் துளிர்க்கிறது. இப்பண்பிற்குக் காரணமான சப்-1 மரபணுக்கூறு ஸ்வர்ணாவில் சேர்க்கப்பட்டு, ஸ்வர்ணா சப்-1 என்ற ரகம் 2009-இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. ஏறத்தாழ இரண்டு வாரங்கள் வரை மூழ்கினாலும் அது பிழைத்து விளைச்சல் தரவல்லது.

வெள்ளம் வராத ஆண்டில் இவ்விரு ரகங்களின் விளைச்சலும் ஏறக்குறைய சமமே. அத்தகைய ஆண்டுகளில் மட்டும் பரிசோதித்திருந்தால், புதிய ரகத்தால் ஒரு பயனுமில்லை என்றே எழுதியிருப்போம். தாழ்ந்த நிலத்தில் பயிரிடுபவருக்கோ அதுவே உணவிற்கும் பட்டினிக்கும் இடையிலுள்ள வேறுபாடு.

விதைக்கும் காலமும் ஒரு சூழ்நிலையே. 1967-இல் வெளியிடப்பட்ட கோதுமை ரகங்களுள் கல்யாண் சோனா உரிய காலத்தில் விதைத்தால் சிறந்து விளங்கியது. விரைவில் முதிரும் சோனாலிகா, நெல் அறுவடைக்குப் பின் தாமதமாக விதைக்கும் வயல்களுக்கு ஏற்றதாயிற்று. சில ஆண்டுகளுக்குள் கல்யாண் சோனா இலைத்துரு நோய்க்கு இலக்காயிற்று. ரகம் மாறவில்லை, நோய்க்காளான் மாறிவிட்டது.

ஆகவே பரிந்துரை அறிக்கை கைக்கு வந்தவுடன் கடைசிப் பத்தியிலுள்ள சராசரியை விட்டு, இடவாரியான அட்டவணையைக் காண்க. தம் வட்டாரத்தை ஒத்த மண், பாசனம், விதைப்புக் காலம் உடைய நிலையம் அதில் உண்டா? உண்டெனில் மோசமான ஆண்டில் அங்கே விளைந்தது எவ்வளவு? அத்தகைய நிலையமே இல்லையெனில், ஊரில் செயல்விளக்க வயல் அமைக்கும்போது சாலையோரத்து நல்ல நிலத்தோடு, நீர் தேங்கும் அல்லது விரைவில் காயும் நிலத்திலும் ஒரு பாத்தி போட்டு, பழகிய உள்ளூர் ரகத்தை அதன் பக்கத்திலேயே விதைத்து, இரண்டின் விளைச்சலையும் தனித்தனியே நிறுத்துக் குறித்து வைக்கலாம்.