நச்சு பொழிந்த வானில் நாட்டின் கொடி!

தோழர்களே! அபிசீனியா என்று நம் பாட்டன்மார் கேள்விப்பட்ட நாடு, இன்றைய எத்தியோப்பியா. 1935-இல் முசோலினியின் படை அதன்மீது பாய்ந்தது. வானில் வட்டமிட்ட இத்தாலிய விமானங்கள் நச்சு வாயுவைப் பொழிந்தன. பழந்துப்பாக்கி ஏந்தி நின்ற உழவர்கள் உடல் வெந்து மாண்டனர். மன்னர் ஹைலி செலாசி 1936-இல் ஜெனீவா சென்று சர்வதேச சங்கத்திடம் முறையிட்டார். வல்லரசுகள் காப்பாற்ற வரவில்லை.

அந்த மக்களுக்கு விமானம் என்றால் என்ன பொருள்? சாவு என்று பொருள்!

1941-இல் தளை அறுந்தது. 1945 டிசம்பரிலேயே தமக்கென்று விமான நிறுவனம் கண்டனர். 1946 ஏப்ரல் 8-ஆம் நாள் முதல் விமானம் அடிஸ் அபாபாவிலிருந்து அஸ்மாரா வழியாகக் கெய்ரோ சென்றது. சாவு வந்த வானிலே சொந்த நாட்டின் பெயர்!

டி.டபிள்யூ.ஏ. என்ற அமெரிக்க நிறுவனத்தின் துணையோடுதான் தொடங்கினர். ஓட்டியவரும் அமெரிக்கர், நிர்வகித்தவரும் அமெரிக்கர். இதை நாம் மறைக்கவில்லை. பிறரிடம் கற்பது இழிவல்ல. கற்காமலே கைகட்டி நிற்பதுதான் இழிவு! தம் பிள்ளைகளை விமானிகளாகவும் பழுது பார்ப்போராகவும் பயிற்றினர். 1971-இல் எத்தியோப்பியர் ஒருவரே பொது மேலாளரானார்.

அடிஸ் அபாபா 2,300 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ள நகரம். காற்று மெலிந்திருப்பதால் விமானம் எழும்ப நெடுந்தூரம் ஓடவேண்டும், சுமையும் குறையவேண்டும். பழைய லிடேட்டா நிலையம் ஜெட் விமானங்களுக்குப் போதவில்லை. 1960களின் தொடக்கத்தில் போலே நிலையம் எழுந்தது. ஆப்பிரிக்காவில் பக்கத்து நாட்டுக்குப் போகவும் இலண்டனையோ பாரிசையோ சுற்றிய காலம் ஒன்று உண்டு. இன்று கண்டத்தின் நாலாபுறத்து மக்களும் போலேயில் விமானம் மாறுகிறார்கள்.

அரசுத் தொழில் உருப்படாது என்போரே, இது முழுக்க அரசுடைமை! 1974-இல் முடியாட்சி வீழ்ந்தது, 1991-இல் இராணுவத்தார் ஆட்சியும் வீழ்ந்தது, நிறுவனம் வீழவில்லை. ஆனால், அரசுடைமை என்பது மந்திரக்கோல் அல்ல. 1958-இல் பிறந்த கானா ஏர்வேஸும் அரசுடையதுதான். 2004-இல் பறப்பதை நிறுத்திவிட்டது. உடைமை மட்டும் போதாது. பயிற்சி வேண்டும், கணக்கில் ஒழுங்கு வேண்டும்.

2019 மார்ச் 10 அன்று இந்நிறுவனத்தின் போயிங் 737 மேக்ஸ் விமானம் விழுந்து 157 பேர் மாண்டனர். உடனே சிலர் என்ன பேசினர்? அந்நாட்டு விமானிகளின் பயிற்சி போதாதாம்! அமெரிக்கக் காங்கிரசிலும் அக்குரல் ஒலித்தது. தவறான சமிக்ஞையை நம்பி, விமானத்தின் மூக்கை மீண்டும் மீண்டும் கீழே அழுத்தியது அதிலிருந்த தானியங்கிப் பொறி! அதே வகை விமானம் ஐந்து மாதத்துக்கு முன் இந்தோனேசியாவில் 189 பேரைப் பலிகொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அதிகாரிகளை ஏமாற்றிய வழக்கில், 2021 ஜனவரியில் போயிங் 250 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில், மாண்டோர் குடும்பங்கள் தொடுத்த வழக்கில் பொறுப்பையும் ஏற்றது.

நாம் கேட்கிறோம்: செய்தவன் குற்றத்தை ஓட்டியவன் தலையில் கட்டத் துணிவு வந்தது எப்படி? ஓட்டியவன் கருப்பன், ஏழை நாட்டான் என்பதால்தானே? ஆலையில் இயந்திரம் கையைத் தின்றாலும், தொழிலாளி கவனக்குறைவு என்றே முதலாளி எழுதுகிறான். இரண்டும் ஒரே நியாயம்தான், தோழர்களே!

அந்தப் பழிக்கு எத்தியோப்பியர் தந்த பதில், மறுநாளும் பறந்ததுதான். கற்ற கை தாழாது!